காய்ப்பு நின்ன கத்திரிச் செடிய இன்னும் ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?

மாசி பொறந்துட்டா எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே மாதிரி தான் இருக்கும். "சார், கத்திரி நல்லா காய்ச்சுட்டு இருந்துச்சு, இப்ப பூ வருது ஆனா நிக்க மாட்டேங்குது, எலையெல்லாம் வெளுத்துப் போச்சு, என்ன உரம் போடலாம்?" நான் திருப்பி எப்ப நட்டீங்கன்னு கேப்பேன், ஆடிலன்னு சொல்வாங்க. ஆடில நட்டா மாசில அதுக்கு ஆறு மாசம் தாண்டிடுச்சுங்க. கத்திரியோட பயிர்க் காலமே 150, 160 நாள்தான், தக்காளி நாலு நாலரை மாசம், வெண்டை மூணு மாசத்துல முடிஞ்சிரும், மிளகாய் மட்டும் ஏழு மாசம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். வயசான செடிக்கு உரம் கேக்குறாங்க, அதப் புடுங்கிடுங்கன்னு நான் சொன்னா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே வராது.

அந்த வருத்தம் எனக்கும் புரியுது. தண்ணி ஊத்தி வளத்த செடி, இன்னும் ரெண்டு பூ வேற நிக்குது, எப்படிக் கை வரும். ஆனா ஈரோடு பக்கம் 15 வருஷமா வீட்டுத் தோட்டம் பாத்துப் பாத்து எனக்குத் தெரிஞ்சது, அடுத்த ஆடிப்பட்டம் நல்லா வருமா வராதாங்கிறது இந்த மாசி பங்குனில நீங்க என்ன பண்றீங்கங்கிறதுல தான் பெரும்பாலும் இருக்கு. எல்லாரும் ஆடில தேடி விதைக்கிறோம், தோட்டத்த முடிக்கிறத யாரும் ஒரு வேலையாவே நெனைக்கிறது இல்ல, வெயில் ஏறுச்சுன்னா தண்ணிய நிறுத்திட்டு செடி தானா காயட்டும்னு விட்டுர்றோம்.

கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கத்துல ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால மூணு சென்ட் இடத்துல கத்திரி, தக்காளி, வெண்டை, ஓரத்துல பந்தல் போட்டு சுரையும் பீர்க்கனும். மொத வருஷம் அக்கம்பக்கம் எல்லாருக்கும் குடுத்து மீந்துச்சாம், ரெண்டாவது வருஷம் பாதி, மூணாவது வருஷம் செடி முழங்கால் ஒசரம் கூட வரல, மத்தியானம் துவண்டு போயி சாயங்காலம் எந்திரிக்குது. அவங்க பையன் போட்டோ அனுப்பினாரு, நான் எலையப் பாத்துட்டு நுண்ணூட்டம் அடிக்கச் சொல்லிட்டேன். அது தப்பு, என்னோட தப்பு தான், வேரப் பாக்காம சொல்லிருக்கக் கூடாது. ஒரு மாசம் கழிச்சு நேர்ல போனப்ப தான் செடியைச் சுத்தி தண்ணி விட்டு ஊற வெச்சு, களைக்கொத்தால மண்ண நெகிழ்த்தி, வேர் அறுந்துறாம முழுசா எடுத்து பக்கெட் தண்ணில அலசிப் பாத்தோம். பக்கத்துல நின்ன அந்த வீட்டு அம்மா, எழுபது வயசு இருக்கும், குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டு "ஏனுங்க தம்பி, இதென்னங்க இஞ்சியாட்ட இருக்குது?"ன்னாங்க. அவ்ளோ சரியா வேற யாரும் சொல்ல முடியாது. சல்லி வேரே இல்ல, இருக்குற வேரெல்லாம் முண்டும் முடிச்சுமா பருத்து, பாசிமணி கோத்த மாதிரி.

இது வேர்முடிச்சு நூற்புழு. மெலாய்டோகைன் இன்காக்னிடான்னு பேரு, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, வேருக்குள்ள புகுந்து ஒரே எடத்துல உக்காந்து உறிஞ்சும், அந்த எடம் வீங்கி முடிச்சாகும். அதுக்கு மேல தண்ணியும் சத்தும் ஒழுங்கா ஏறாது, அதனால தான் செடி பட்டினி கெடக்குற மாதிரி வெளுக்குது, நாமளும் சத்துக் குறைவுன்னு நெனைச்சு உரமா கொட்டுறோம். ஒரு பொட்டைப் புழு 300ல இருந்து 500 முட்டை வைக்கும், நம்ம ஊரு சூட்டுக்கு 25, 30 நாள்ல அடுத்த தலைமுறை தயார். இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, காய்ப்பு நின்ன செடிய பாவம்னு இன்னொரு மாசம் விட்டு வெச்சீங்கன்னா உங்களுக்குக் கெடைக்கப்போறது நாலு சொத்தைக் கத்திரிக்கா, புழுவுக்குக் கெடைக்கிறது இன்னொரு தலைமுறை.

அதனால முடிக்கிறப்ப நான் எல்லாருகிட்டயும் கேக்குறது ஒன்னே ஒன்னு தான், ஒவ்வொரு பாத்திலயும் ரெண்டு செடியையாவது வேரோட எடுத்து அலசிப் பாருங்க, அறுத்து எறிஞ்சிறாதீங்க. மேல எலைல தெரியாத எல்லாம் அங்க தெரியும். அவரை, தட்டைப்பயறு வேர்லயும் முண்டு இருக்கும், அதப் பாத்துப் பயந்துறக் கூடாது, அது தழைச்சத்து பிடிச்சு வைக்கிற நல்ல முண்டு, வேரோட பக்கவாட்டுல ஒட்டிட்டு இருக்கும், நகத்தால தள்ளுனா உதிர்ந்துரும். நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கி இருக்கும். தட்டைப்பயறுக்கும் நூற்புழு வரும்ங்கிறதால ஒரு செடியப் புடுங்கிப் பாத்துட்டு, நல்ல முண்டு மட்டும் தான்னா மத்ததத் தரையோட அறுத்துட்டு வேர மண்ணுலயே விட்டுருங்க.

முடிச்சு இருந்துச்சுன்னா அந்த வேர் உரக்குழிக்குப் போகவே கூடாது. வீட்டுல நாம போடுற சின்னக் குழி அவ்ளோ சூடாகாது, 55, 60 டிகிரி பல நாள் நின்னா தான் இதெல்லாம் சாகும், நம்ம குழில கை வெச்சா வெதுவெதுன்னு இருந்தாலே பெருசு. மொட்டை மாடிலயோ சிமெண்ட் தரைலயோ பரப்பி பங்குனி வெயில்ல மொறுமொறுன்னு காயவிட்டு எரிச்சுருங்க. அலசுன தண்ணிய திரும்பவும் பாத்தில ஊத்தாதீங்க, மண்வெட்டிய கழுவி வெயில்ல வைங்க, புழு தானா ரொம்பத் தூரம் போகாது, மண்ணு ஒட்டுன மண்வெட்டியும் நாத்தும் தான் அதக் கொண்டு போகுது. மாடித்தோட்டக்காரங்க பழைய பை மண்ண புதுப் பைல கலந்து சொந்தக்காரங்களுக்கும் ஒரு பை குடுப்பாங்க, அன்பா தான் குடுக்குறாங்க, ஆனா அதோட இதுவும் போயிருது.

கீழ விழுந்த சொத்தைக் காயி, காஞ்ச எலை எல்லாத்தையும் கூட்டி எடுத்துருங்க, கத்திரித் தண்டு காய்த் துளைப்பான் கூட்டுப்புழு அந்தச் சருகுல தான் ஒளிஞ்சுட்டு இருக்கும். பந்தல் கொடிய இழுக்குறதுக்கு முன்னாடி ஒரு கம்பால தட்டிப் பாத்துட்டு கை வைங்க, காஞ்ச கொடி குமிஞ்ச எடத்துல பாம்பு படுத்திருந்தத நானே ரெண்டு தடவை பாத்திருக்கேன்.

விதை பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா முடிக்கிற அன்னைக்குத் தான் எல்லாருக்கும் விதை ஞாபகம் வருது, மிஞ்சுன கடைசிக் காய விதைக்கு எடுக்குறாங்க. நோஞ்சான் செடில வந்த கடைசிக் காயில விதையும் நோஞ்சானா தான் இருக்கும். நடுப் பறிப்புலயே நல்ல செடியாப் பாத்து ஒரு துணியக் கட்டி அடையாளம் வெச்சு ரெண்டு மூணு காய விட்டுறணும். கத்திரி நல்லா மஞ்சளாகணும், வெண்டை செடிலயே காஞ்சு வெடிக்கிற பதம், சுரை ஆட்டுனா உள்ள கலகலன்னு சத்தம் வரணும், தக்காளி விதையச் சாறோட ரெண்டு நாள் புளிக்க விட்டு அலசி நெழல்ல காயப்போடணும். கடைல வாங்குன எஃப்1 வீரிய ரகத்துல விதை எடுக்காதீங்க, அடுத்த தலைமுறை ஒன்னு ஒரு மாதிரி வரும்.

இப்ப மண்ணுக்கு வருவோம். நம்ம ஊருல சித்திரை வைகாசி வெயில் சும்மா தான் அடிச்சுட்டுப் போகுது, அத வேலை வாங்கலாம். பாத்தியக் கொத்திக் கட்டி ஒடச்சு, நல்லாத் தண்ணி விட்டு ஈரமாக்கி, மேல 25 மைக்ரான் கனத்துல பாலித்தீன் ஷீட்ட இழுத்து ஒட்டினாப்புல விரிச்சு, சுத்தி சின்ன வாய்க்கால் எடுத்து ஓரத்த மண்ணுல பொதைச்சுருங்க. ஷீட்டு கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும், நெறையப் பேரு கருப்பு தான் சூடாகும்னு அத வாங்கிடறாங்க, கருப்பு ஷீட்டு மேல தான் சூடாகும், மண்ணுக்கு அவ்ளோ எறங்காது. நாலுல இருந்து ஆறு வாரம். இஸ்ரேல்ல யாக்கோவ் கட்டான் குழுவினர் 1976ல ஆராய்ச்சியா வெளியிட்டு உலகம் பூரா பரவுன முறை இது, செலவு ஷீட்டு காசு மட்டும் தான். மேல் மண்ணுல நல்லா வேலை செய்யும், ஆழத்துல இருக்குறது தப்பிச்சுக்கும், அதையும் சொல்லிடணும், அதனால இத ஒன்ன மட்டும் நம்பி நிக்க முடியாது. நடுறதுக்கு முன்னாடி 10க்கு 3 அடி பாத்திக்கு அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கு, அப்புறம் மக்குன தொழுவுரத்துல ட்ரைக்கோடெர்மா விரிடிங்கிற நல்லது செய்ற பூஞ்சையக் கலந்து போடுங்க, சூடு நல்லது கெட்டது எல்லாத்தையும் தான் கொறைக்குது, நல்லத நாம திருப்பிச் சேக்கணும்.

ரொம்ப மோசமான பாத்தின்னா அங்க ஒரு வருஷம் கத்திரி, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம், மூணும் ஒரே குடும்பம், வெண்டையும் சுரையும் கூட இந்தப் புழுவுக்குப் பிடிச்சது தான். எள்ளு போடுங்க, இல்ல சணப்பு வெதைச்சு பூ வர்றப்ப மடக்கி உழுதுருங்க, இல்ல பாத்தி முழுக்க நெருக்கமா செண்டுமல்லி. ஓரத்துல அழகுக்கு நாலு செண்டுமல்லி வெச்சாப் பத்தாது, அது வேர்ல இருந்து வர்ற பொருள் தான் புழுவ அடக்குது, வேர் இருக்குற எடத்துல தான் வேலை நடக்கும். கத்திரி இல்லாம முடியவே முடியாதுன்னா சுண்டைக்காய்ச் செடி மேல ஒட்டுக்கட்டுன கத்திரி நாத்து கெடைக்குது, சுண்டை வேரு இத நல்லாத் தாங்கும்.

அந்த கோபி வீட்டுக்குப் போன வாரம் திரும்பவும் போயிருந்தேன். அந்த அம்மா மொதல்ல ஒத்துக்கல, "பூவோட நிக்கறத எப்படீங்க புடுங்கறது, பச்சப் புள்ளையாட்ட இருக்குது"ன்னாங்க, அப்புறம் அவங்களே களைக்கொத்த எடுத்து ஒவ்வொன்னா நெகிழ்த்தி எடுத்துக் குடுத்தாங்க. 40 செடில 31ல முடிச்சு. சுரைப் பந்தல்ல மட்டும் விதைக்கு விட்ட ஒரு காய் தொங்குது. பங்குனி கடைசில ஷீட்டு விரிக்கிறோம், வைகாசி மொத வாரம் பிரிச்சுட்டு நாலு மூலைல நாலு தக்காளி நாத்து மட்டும் நடுவோம், காய்க்கிறதுக்கு இல்ல, 40 நாள் கழிச்சுப் புடுங்கி வேரப் பாக்குறதுக்கு. வேரு சுத்தமா இருந்தா அந்தப் பாத்தில ஆடிக்குக் கத்திரி, முடிச்சு தெரிஞ்சா எள்ளு. அன்னைக்கு வேர அலசி வெக்கிறேன், நீங்க வந்தே பாருங்கன்னு அந்த அம்மா சொல்லியிருக்காங்க.