“பார்ட்ஸ் வராது” என்றால் எழுதி வாங்குங்கள்

மாயவரத்தில் பெரியம்மா வீட்டு டி.வி., ஐப்பசி இடியில் போர்டு போய் நின்றது. வாங்கி நாலு வருஷம். “இந்த மாடல் நிறுத்தியாச்சு, போர்டு வராது, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்குங்கம்மா” என்றார் சர்வீஸ் சென்டர் பையன். கூடவே போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டார். அந்த எண்ணைச் சொன்னதும் புகார் ‘சரிசெய்யப்பட்டது’ என்று கம்பெனிக் கணக்கில் முடிந்துவிட்டது.

உதிரிபாகத்தை இத்தனை வருஷம் இருப்பு வைக்க வேண்டும் என்று இங்கே தனிச் சட்டம் கிடையாது. 2022 டிசம்பரில் மத்திய அரசு திறந்த ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளம் வெறும் தகவல் பலகை. கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தான்.

அதற்கு முதலில் ‘இல்லை’ என்பது எழுத்தில் வேண்டும். சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டான ஜாப் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்பார்கள். சரி, ஜாப் எண்ணைப் போட்டு அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள், இல்லையென்றால் ஸ்பீடு போஸ்ட். வேலை முடியாமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்தால் புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிவிடுவார்கள். உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரமில்லை. கம்பெனியும் அதே ‘பார்ட்ஸ் இல்லை’யைப் பதிலாக அனுப்பும். நல்லதுதான், எழுத்தில் வந்துவிட்டதே! அச்செடுத்து வையுங்கள்.

அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். “கேஸ் போட சென்னைக்குத்தான் போகணும்” என்று மிரட்டுவார்கள். குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 வருஷம். “பார்க்கிறோம் சார்” என்று கம்பெனி இழுத்தடிப்பதால் அது நீளாது. 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாவுக்கு அலைந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அரசு கொடுத்த இலவச மிக்ஸி, கிரைண்டருக்கு இந்த வழி இல்லை. காசு கொடுத்தவர்தான் நுகர்வோர். ஜெராக்ஸ் கடைக்காரரை ‘வியாபாரத்துக்கு வாங்கியது’ என்று தட்டிவிடப் பார்ப்பார்கள். பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர்தான். அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

தெரு மெக்கானிக் பழைய போர்டிலிருந்து ஏதாவது பிடுங்கிப் போட்டு ஓட வைத்துவிடுவார். ஆனால் எழுத்து கைக்கு வருமுன் அவர் ஸ்குரூவைத் தொட்டால், ‘வெளியாள் பிரித்துவிட்டார்’ என்று கம்பெனி நழுவிவிடும். கழற்றிய போர்டையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியம்மா டி.வி.யை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். ஆணையத்தில் காட்ட இப்போது பில் மட்டும்தான் இருக்கிறது.