பேரேட்டில் ஏறும் மரபணு

எங்கள் ஐயா வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறையக் கணக்கு ஏடுகள் இருந்தன. கொண்டுவிற்கப் போன காலத்தில் பர்மாக் கடையிலிருந்து ஊருக்கு வந்தவை. வரவு, பற்று, அரைக்கால், மாகாணி, ஒவ்வொன்றுக்கும் ஒரே குறி, ஒரே இடம். ரங்கூனில் எழுதிய ஏட்டை வைத்து, எழுதியவரைப் பார்த்தே இராத ஒருவர் காரைக்குடியில் உட்கார்ந்து ஐந்தொகை போட்டுவிடுவார்.

உயிரியல் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்பவரிடமும் இப்படி ஓர் ஏட்டைத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பெயர் வரிசைப் பட்டியல். டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் ஆகியவற்றின் எழுத்து வரிசைகள் அதில் ஏறும். 2022 ஜூலை 1 முதல் இதற்கு எஸ்டி.26 என்ற புதிய தரம் வந்துவிட்டது. உலக அறிவுசார் சொத்து நிறுவனம் வகுத்தது இது. முன்பு இருந்தது எஸ்டி.25.

பழையதில் என்ன குறை? அது வெறும் உரைக் கோப்பு. இந்த இடத்தில் இது அல்லது அது வரலாம் என்பதையெல்லாம் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளலாம், கணினிக்குப் பிடிபடாது. ஆனால் ஒரு வரிசை ஏற்கெனவே உலகில் இருக்கிறதா என்று கணினிதான் தேட வேண்டும், ஆயிரம் எழுத்துகளைக் கண்ணால் ஒப்பிட முடியாது. புதியது எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் இது இன்னது என்று குறிச்சொல் ஒட்டிய கோப்பு. மரபணு வரிசைகளைச் சேர்த்துவைக்கும் ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவுத்தளங்கள் பயன்படுத்தும் அதே குறிச்சொற்கள்தான் இதிலும். அதனால் காப்புரிமையில் வந்த வரிசை எதையும் இழக்காமல் அங்கே போய்ச் சேருகிறது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். நம் மூளையே சுரக்கும் வலி அடக்கி மெட்-என்கெஃபலின். புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் இதில் ஐந்தே. பழைய தரத்தில் மூன்றெழுத்துச் சுருக்கமாக டைர், கிளை, கிளை, ஃபீ, மெட். இப்போது ஓரெழுத்தில் ஒய், ஜி, ஜி, எஃப், எம். உடலில் உள்ள நொதிகள் இதைச் சீக்கிரம் உடைத்துவிடும். அதனால் மருந்து செய்பவர்கள் இரண்டாவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்தின் வலக்கை வடிவத்தை வைப்பதுண்டு. வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் அதற்கு உண்டு. நம் உடல் புரதங்களில் இருப்பது இடக்கை வடிவம் என்பதால் நொதிக்கு இந்த இடம் எளிதில் பிடி கொடுக்காது. ஆனால் வலக்கை அமிலம் ஒன்று இருந்தாலே எஸ்டி.25 அந்த வரிசையைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. மருந்துக்கு உயிர்நாடியான மாற்றமே தேடலில் அகப்படாத நிலை! இப்போது அதைச் சேர்த்தே ஆக வேண்டும். அலனினின் எழுத்தை எழுதி, இது வலக்கை வடிவம் என்று அதற்குரிய இடத்தில் குறிக்க வேண்டும். இந்தத் திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எல்லாச் சின்னத் துண்டும் ஏறாது. டிஎன்ஏ, ஆர்என்ஏவின் கண்ணியான நியூக்ளியோடைடு என்றால் குறைந்தது 10, அமினோ அமிலம் என்றால் குறைந்தது 4. அதுவும் இன்னதென்று தெளிவாகத் தெரிந்தவை மட்டுமே எண்ணிக்கையில் சேரும். மூன்றே அமிலம் கொண்ட குளூட்டாதயோனைச் சேர்க்கவே கூடாது. அப்புறம், ஆர்என்ஏவில் வரும் யுராசிலுக்கும், டிஎன்ஏவில் வரும் தைமினுக்குரிய டி என்ற எழுத்தையே போட வேண்டும். மூலக்கூறு ஆர்என்ஏ என்பதைத் தனிப் புலம் சொல்லிவிடும்.

சரி, அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ஒரு மாணவி, ஊருணித் தண்ணீர் பாக்டீரியாவிலிருந்து ஒரு நொதியைப் பிரித்து மாற்றியமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாற்றிய வரிசைக்கு நீளம், மூலக்கூறு வகை, உயிரியின் பெயர் எல்லாம் கட்டாயம். செயற்கையாகச் செய்ததென்றால் அதற்கென்றே ஒரு பெயர் உண்டு. உலக அறிவுசார் சொத்து நிறுவனம் தரும் வைப்போ சீக்வென்ஸ் என்ற இலவச மென்பொருள் படிவத்தை நிரப்ப உதவும், பிழையையும் காட்டும்.

பழைய கோப்பைப் புதியதாக மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். முதல் விண்ணப்பம் எஸ்டி.25 காலத்தில் போட்டதாக இருந்தாலும், அதை அடிப்படையாக வைத்து இன்று தாக்கல் செய்யும் சர்வதேச விண்ணப்பத்துக்கு எஸ்டி.26 தான். புதிய தரம் டிஎன்ஏ எந்த வகை என்று கேட்கும், பழையது கேட்டதில்லை. மூல விண்ணப்பத்தில் சொல்லாதபோது, தெரியுமே என்று மரபணுத்தொகுதி டிஎன்ஏ எனப் போட்டுவிட்டால் புதுச் சரக்கைச் சேர்த்ததாகிவிடும், காப்புரிமையில் அதற்கு இடமில்லை. வகை குறிக்கப்படாதது என்ற தெரிவும் பட்டியலில் இருக்கிறது. அதைப் போடுங்கள்.