42 கையெழுத்தும் ஒரு தண்ணீர்க் குழாயும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தீர்மானப் புத்தகத்தோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்த ஒரு வீட்டுக்குச் சங்கம் தண்ணீரை நிறுத்திவிட்டது. அந்த வீட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அதற்கு நான் பதில் எழுதித் தர வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? 43 வீட்டுல 42 வீடு கையெழுத்துப் போட்டிருக்கு. ஜனநாயகம்தானே?" என்றார்.

புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு பக்கம் முழுக்கக் கையெழுத்து. பாதி நீல மை, மீதி கறுப்பு, ஒன்று மட்டும் பென்சிலில். வழக்கோடு வரும் எந்தக் கட்சிக்காரரும் ஓர் ஆவணத்தை இவ்வளவு பெருமையாக என் மேசையில் வைத்ததில்லை.

எனக்கு வரும் வழக்குகளில் நான் அதிகம் பார்க்கும் குழப்பம் இதுதான். பெரும்பாலோர் விரும்பினால் அது சட்டமாகிவிடும் என்று ஒரு தரப்பு நம்புகிறது. எதைக் கேட்டாலும் 'என் பிறப்புரிமை' என்கிறது இன்னொரு தரப்பு. ஒருவர் வண்டி நிறுத்தும் இடத்தைக்கூட என்னிடம் பிறப்புரிமை என்று வாதாடியிருக்கிறார். அது விற்பனைப் பத்திரம் கொடுத்த உரிமை. பத்திரத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இயற்கை உரிமை அப்படி யாரும் எழுதிக் கொடுத்து வருவதில்லை. உயிர், உடலின் சுதந்திரம், மனசாட்சி இவையெல்லாம் மனிதராகப் பிறந்ததாலேயே நம்மிடம் இருப்பவை, அரசு வந்த பிறகு கிடைத்தவை அல்ல என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் உயிர், சுதந்திரம், உடைமை என்று வரிசைப்படுத்தினார். இவற்றைக் காப்பதற்காகத்தான் மக்கள் சேர்ந்து அரசை ஏற்படுத்துகிறார்கள், காக்காத அரசை மாற்றவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றார். 1776-இல் வந்த அமெரிக்க விடுதலைப் பிரகடனமும் பறிக்க முடியாத உரிமைகளைச் சொன்ன கையோடு, ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே அரசு அதிகாரம் பெறுகிறது என்கிறது. இயற்கை உரிமையும் மக்கள் விருப்பமும் ஒரே பத்தியில் இருக்கின்றன. அதை வரைந்த ஜெஃபர்சன் தன் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார் என்பது வேறு கதை. இல்லை, அதுவும் இதே கதைதான், கொஞ்சம் பொறுங்கள்.

இயற்கை உரிமை என்பதே வெற்றுப் பேச்சு என்று சொன்னவர்களும் உண்டு. ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் அதைப் 'பொய்க்கால் கட்டிய அபத்தம்' என்றார். சட்டம் தந்தால்தான் உரிமை என்பது அவர் கட்சி. தினமும் "எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள்?" என்ற கேள்வியை நீதிமன்றத்தில் எதிர்கொள்கிற எனக்கு அவருடைய எரிச்சல் புரிகிறது. ஆனால் அந்தப் பிரிவையே ஒருநாள் நிறுத்தி வைத்துவிட்டால் என்ன செய்வது?

இந்தியாவில் அது நடந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்கள், அதாவது அடைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனுக்கள், உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவைச் செயல்படுத்தக் கோரி நீதிமன்றம் போகும் உரிமை அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் மனுவே செல்லாது என்றது அரசு. ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதை ஏற்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அரசியலமைப்பு இல்லாவிட்டாலும் சட்டத்தின் அதிகாரம் இன்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ அரசு பறிக்க முடியாது என்பது அவர் எழுதியதன் சாரம். அடுத்த ஆண்டே பணி மூப்பில் அவரைத் தாண்டி இன்னொருவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். 2017-இல் தனியுரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. அப்படி எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976-இல் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி ஒருவரின் மகன்.

சரி, மக்கள் விருப்பத்துக்கு வருவோம். பலரும் இதைத் தலை எண்ணும் கணக்கு என்று நினைக்கிறார்கள். எண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: யாரையெல்லாம் எண்ணுகிறோம்?

ஸ்விட்சர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கெடுத்தாலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தும் நாடு. பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-இல் அங்கே தேசிய அளவில் வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு 'வேண்டாம்' என்றது. வாக்களித்தவர்கள் எல்லோரும் ஆண்கள்! யாருடைய உரிமையைப் பற்றிய கேள்வியோ அவர்களைக் கேட்கவே இல்லை. முடிவு மட்டும் மக்கள் தீர்ப்பு என்று பதிவானது. 1971-இல் அதே ஆண்கள் கூட்டம் 'சரி' என்றது. அப்போதும் அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறிய மாநிலம் தன் உள்ளூர் விவகாரங்களில் மசியவில்லை. அங்கே திடலில் கூடிக் கை தூக்கி முடிவெடுப்பது வழக்கம். 1990 ஏப்ரலில்கூடத் திடலில் நின்ற ஆண்கள் மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பெண்களும் அந்த மாநிலத்து மக்கள்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதிகள் சிலர் சேர்ந்து மக்கள் விருப்பத்தைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று இதைச் சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. முழு மக்களின் விருப்பம் என்னவென்று அதுவரை யாரும் கேட்டுப் பார்த்ததே இல்லை.

ஜெஃபர்சன் கதையும் இதுதான். சம்மதம் பற்றி எழுதியவர் தன் வயலில் உழைத்தவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

1948-இல் ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 21-ஆவது பிரிவு, மக்களின் விருப்பமே அரசின் அதிகாரத்துக்கு அடிப்படை என்கிறது. மேடையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதோடு நின்றுவிடும். எனக்கு முக்கியம் அதற்குப் பின்னால் வருவதுதான்: குறித்த காலந்தோறும் உண்மையான தேர்தல், அனைவருக்கும் சமமான வாக்கு, ரகசிய வாக்களிப்பு. பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேறு பிரிவுகளில் இருக்கின்றன. இவை இல்லாமல் எடுக்கும் கையெழுத்து விருப்பமாகாது. தோற்ற தரப்பு அடுத்த முறை வெல்ல வழி இருக்க வேண்டும். அந்த வழியை அடைக்கும் உரிமை இந்த முறை வென்றவருக்குக் கிடையாது.

செயலாளரிடம் இவ்வளவும் பேசவில்லை. இரண்டே கேள்வி கேட்டேன். "அந்த 43-ஆவது வீட்டுக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீங்களா?" இல்லையாம், அவரைப் பற்றிய கூட்டம் என்பதால் தகவல் அனுப்பவில்லையாம். தண்டிக்கும் முன் ஒருவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் இயற்கை நீதியின் முதல் பாடம்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"அவர், அவர் மனைவி, ஒரு கைக்குழந்தை" என்றவர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அப்புறம், "அப்போ காசு கட்டாம இருக்கறதும் அவரோட இயற்கை உரிமையா சார்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இல்லை என்றேன். பாக்கி என்பது கடன். நோட்டீஸ் கொடுக்கலாம், சங்க விதியில் இருந்தால் வட்டி போடலாம், வழக்குத் தொடுத்து வசூலிக்கலாம். அங்கெல்லாம் அந்த 42 கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. குழாயை மூடுவதற்கு 4,200 கையெழுத்து வந்தாலும் என்னிடம் பதில் கடிதம் கிடைக்காது என்றேன். முகம் சுருங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கட்சிக்காரர் கைவிட்டுப் போனார் என்றே நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து போன் செய்தார். குழாயை அன்று மாலையே திறந்துவிட்டார்களாம்.

"அந்த வசூல் வழக்கு சொன்னீங்களே, அதுக்கு என்னென்ன பேப்பர் கொண்டு வரணும்?"

விதிப் புத்தகம், கணக்குப் பேரேடு, பாக்கிப் பட்டியல். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.