வார்ப்புரு: டெம்ப்ளேட்டும் அதன் பின்னொட்டும்

மட்டக்களப்புப் பக்கம் கோயில் திருவிழா விஞ்ஞாபனம் அடிக்கும் அச்சகங்களில் அடிக்கடி நடப்பது இது. போன வருடத்துக் கோப்பைத் திறந்து, திகதிகளை மாற்றி, அதே பெயரிலேயே சேமித்துவிடுவார்கள். எங்கோ ஒரு மூலையில் பழைய திகதி தப்பி நிற்கும். போன வருடத்துப் பிரதியும் கைவிட்டுப் போயிருக்கும். இந்தத் தொல்லை வராமல் இருக்கத்தான் டெம்ப்ளேட், அதாவது புதிய ஆவணங்களுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் மூலக் கோப்பு. தமிழில் வார்ப்புரு.

ஆங்கிலத்தில் இது முதலில் 'டெம்ப்ளெட்' என்றுதான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில், சுவரில் உத்தரத்தின் நுனி பதிகிற இடத்தில் அடியில் வைக்கும் கட்டைக்கு அந்தப் பெயர். தறியில் நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் இரு கரைகளையும் இழுத்துப் பிடிக்கும் கட்டையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். 'பிளேட்' என்ற சொல்லின் சாயல் ஏறி இன்றைய வடிவம் வந்தது பிற்பாடுதான். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் இதைச் சொன்னால் உடனே விளங்கும்: எத்தனை முழம் நெய்தாலும் அகலம் மாறக்கூடாது.

தமிழுக்கு வருவோம். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவது வார்த்தல். வார்ப்பும் உருவும் சேர்ந்தது வார்ப்புரு. வார்த்து எடுத்த பொருளுக்கல்லவா அந்தப் பெயர் பொருந்தும், ஊற்றும் அச்சுக்கு எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் தமிழ் விக்கிப்பீடியா உட்பட கணினித் தமிழில் இந்தச் சொல் ஊன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டியதில்லை. 'மாதிரி' போதாது, மாதிரி பார்த்துச் செய்வதற்கு. 'படிவம்' நம் ஊரில் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்தாள். இரண்டையும் இங்கே கலக்கக்கூடாது.

அப்புறம், கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள். இதைக் 'கோப்பு நீட்சி' என்கிறார்கள். உலாவியில் சேர்க்கும் துணைநிரலுக்கும் நீட்சி என்றே பெயர் இருப்பதால், நான் 'பின்னொட்டு' என்றே எழுதுவேன். விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளக் காலத்தில் பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3 எழுத்து என்பதுதான் எல்லை. வேர்டின் வார்ப்புரு அதனால்தான் 'டொட்' என்று மூன்றெழுத்தில் இருந்தது. 2007 பதிப்போடு அது 'டொட்எக்ஸ்' ஆனது. மக்ரோ, அதாவது வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு, உள்ளதற்கு 'டொட்எம்'.

டொட்எக்ஸ் கோப்பை இருமுறை சொடுக்கிப் பாருங்கள். அந்தக் கோப்பு திறக்காது. அதே அமைப்போடு பெயரிடாத புதிய ஆவணம் ஒன்று வரும். மூலம் அப்படியே இருக்கும். விஞ்ஞாபனக்காரருக்கு வேண்டியது இதுதான். வார்ப்புருவையே திருத்த வேண்டுமென்றால் வலப்பக்கச் சொடுக்கில் 'ஓபன்' கொடுக்க வேண்டும். பின்னொட்டை மட்டும் கையால், சாதாரண வேர்ட் ஆவணத்துக்குரிய 'டொக்எக்ஸ்' என்று மாற்றினால் சரிவராது. 'நான் வார்ப்புரு' என்ற குறிப்பு கோப்பின் உள்ளேயும் எழுதப்பட்டிருப்பதால் வேர்ட் திறக்க மறுத்துவிடும். விண்டோஸ் தெரிந்த பின்னொட்டுகளை மறைத்தே காட்டும் என்பதால், முதலில் அதைத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஆவணம் 'ஐஎன்டிடி', வார்ப்புரு 'ஐஎன்டிடி' என்று தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கும். கடைசி எழுத்து ஆவணத்துக்கு ஆங்கில நாலாம் எழுத்து, வார்ப்புருவுக்கு இருபதாம் எழுத்து. லிப்ரே ஒபிஸில் எழுத்தாவண வார்ப்புருவுக்கு 'ஓடிடி', அதில் நடு எழுத்தும் கடைசி எழுத்தும் அதே இருபதாம் எழுத்து. பெரிய தொழினுட்பக் கையேடுகள் செய்யும் பிரேம்மேக்கர் மட்டும் வேறு வழியில் போகிறது. 1995இல் அடோபி வாங்கிய அந்த மென்பொருளில் வார்ப்புருவுக்கெனத் தனிப் பின்னொட்டே கிடையாது. அத்தியாயமும் 'எப்எம்', வார்ப்புருவும் 'எப்எம்'. பல அத்தியாயங்களைக் கோக்கும் கோப்புக்கு 'புக்', வேறு மென்பொருளோடு பரிமாற 'எம்ஐஎப்'. எந்த எப்எம் கோப்பிலிருந்தும் பந்தி வடிவம், பக்க அமைப்பு, அட்டவணை வடிவம் எல்லாவற்றையும் மற்றக் கோப்புக்கு இறக்குமதி செய்யலாம். அப்படி இறக்குமதிக்கு மூலமாக வைத்திருப்பதுதான் வார்ப்புரு. மூலத்தைத் திருத்தினால் அத்தியாயங்கள் தாமாக மாறா, திரும்ப இறக்குமதி செய்ய வேண்டும். அடையாளம் காட்டப் பின்னொட்டு இல்லாததால், கோப்பின் பெயரிலேயே 'வார்ப்புரு' என்று எழுதி, வாசிக்க மட்டும் என்று பூட்டி வைப்பது நல்லது.