ஹாலி 'புனித இலை' இல்லை, முள்ளிலை

இந்த டிசம்பரிலும் அது கண்ணில் பட்டுவிட்டது. பினாங்கில் ஒரு பேரங்காடியின் கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் ஓரமெல்லாம் முள் வைத்த பச்சை இலை, நடுவே கொத்தாகச் சிவப்புப் பழம், கீழே தமிழில் 'புனித இலை' என்று ஒரு பலகை. போன வருடம் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு நிகழ்ச்சித் தாளிலும் இதே சொல்தான்.

ஆங்கிலத்தில் இந்த மரத்தின் பெயரான ஹாலி வேறு, ஹோலி வேறு. எழுத்தில் ஒரு 'எல்' மட்டுமே வித்தியாசம் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஹாலி, 'ஹோலன்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, அதன் வேருக்குக் குத்துவது என்று பொருள். புனிதத்தைக் குறிக்கும் ஹோலி, முழுமை என்ற பொருளுள்ள சொற்களோடு உறவுடையது. அவ்வளவுதான்.

பெயர் தப்பானால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சிவப்புப் பழம் பறவைகளுக்கு உணவு, மனிதர் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். 'புனித' என்று படித்த பிள்ளை அதை வாயில் போட யோசிக்குமா?

சரி, வேறு என்ன சொல்வது? 'ஊசியிலை' என்கிறார்கள் சிலர். பைன் வகை மரங்களுக்கு அந்தப் பெயர் பாடப்புத்தகத்திலேயே நிலைத்துவிட்டது, ஹாலியோ அகன்ற இலை உள்ள மரம். கிரந்தம் வேண்டாம் என்று 'ஆலி' என எழுதினால் அது ஆலங்கட்டி மழைக்கான நல்ல பழந்தமிழ்ச் சொல், அதைப் பிடுங்கி இங்கே ஒட்டக் கூடாது. இன்னும் சிலர் வெறும் 'முள்ளி' போதும் என்கிறார்கள், கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் நீர்முள்ளி இருக்கிறது, நம் கடலோர அலையாத்திக் காடுகளில் மலாய்க்காரர்கள் ஜெருஜு என்று சொல்லும் கழுதைமுள்ளி இருக்கிறது, அதற்கு ஆங்கிலத்தில் கடல் ஹாலி என்றே ஒரு பெயர் வேறு, இலை பார்க்க அப்படியேதான் இருக்கும், செடி மட்டும் முற்றிலும் வேறு குடும்பம். இந்தக் குழப்பத்தில் இன்னொரு முள்ளியைச் சேர்ப்பானேன்?

என் சொல் 'முள்ளிலை மரம்'. லத்தீன் பெயரில் வரும் 'அக்விஃபோலியம்' என்பதற்கும் கூரிய இலை என்றுதான் பொருள். மரம் என்று சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அலங்காரத்தில் ஒரு கிளையை மட்டும் பார்த்துவிட்டு இதைச் சின்னச் செடி என்று நினைக்கிறோம், ஐரோப்பியக் காட்டில் அது 10 மீட்டருக்கு மேலும் வளரும். ஓக், பீச் மரங்களின் நிழலிலேயே வளர்ந்து, அவை இலை உதிர்த்து மொட்டையாய் நிற்கும் குளிர்காலத்தில் தான் மட்டும் பச்சையாய் நிற்கும். பறவைகள் ஒதுங்க அந்த முட்புதர் போன்ற கிளைகள்தான் இடம். பினாங்கு மலையில் வருடம் முழுக்கப் பச்சையைப் பார்க்கும் நமக்கு 'பசுமை மாறாத' என்ற சொல் சும்மா கடந்துபோகிறது, அந்த ஊர்களில் அது பெரிய செய்தி.

முள்ளும் மான்களுக்கு எட்டும் கீழ்க்கிளைகளில்தான் அதிகம், உச்சி இலைகள் பல வழவழப்பாகவே இருக்கும். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி, பழம் பெண் மரத்தில் மட்டும். பூங்குருவிகளில் ஒரு வகை, பழுத்த மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றப் பறவைகளை விரட்டிக் குளிர்காலம் முழுக்கக் காவல் காக்கும். நம் பக்கம் செண்டுடுக் என்னும் புதர்ச்செடியின் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று விதை பரப்புவதுபோல் அங்கே முள்ளிலை மரத்தின் விதை பறவை எச்சத்தில் ஊர் ஊராகப் போகிறது.

இதே பேரினத்து மரங்கள் நம் நாட்டுக் காடுகளிலும் இருக்கின்றன, மலாயில் மென்சிரா என்பார்கள். அப்புறம் எப்படி இது வெள்ளைக்காரர் சாமி இலை ஆகும்? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் ஹாலி, ஹோலி என்ற இரண்டு சொற்களையும் ஒரு தடவை படித்துவிட்டு எழுதட்டும். அடுத்த டிசம்பர் பலகையில் 'ஹாலி என்னும் முள்ளிலை மரம், பழம் பறவைகளுக்கு மட்டும்' என்று போடுங்கள்.