டிபெண்டென்சின்னா சார்பு இல்லீங்க

"விடுபட்ட சார்புகளைத் தானியங்கியாக நிறுவு." "மிஸ்ஸிங் டிபெண்டென்சிகள தானா இன்ஸ்டால் பண்ணு"ங்கறதோட மொழிபெயர்ப்பு இது. ஒரு ப்ரோகிராம் ஓட அதுக்கு வேணும்கிற வேற ப்ரோகிராம் துண்டுகளத்தான் டிபெண்டென்சின்னு சொல்லுவாங்க. இந்த வரிய இந்த மாசம் நாலாவது தடவையா பாக்குறேன். போன சனிக்கிழமை மொரிஷியஸ் ரோஸ் ஹில்ல பசங்களுக்கு பைத்தான்ங்கற ப்ரோகிராம் மொழி சொல்லிக் குடுக்கும்போது, யாரோ மொழிபெயர்த்த குறிப்புல இது இருந்துச்சு, ஒரு பையன் எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு "கி எதே சா, மிஸ்?"னு, அதாவது இது என்னன்னு, கிரியோல்ல கேட்டான்.

டிபெண்டென்சியோட வேர் லத்தீன்ல, பெந்தேரேன்னா தொங்குறது, கழுத்துல போடுற பெண்டன்ட்டும் அதே வேர்தான். அவ்ளோதான் கதை.

சிக்கல் திசைல இருக்கு. நம்ம ஊருக்கு வெள்ளக்காரன் காலத்துப் பேரு "மொரிஷியசும் அதன் டிபெண்டென்சிகளும்", ரொட்ரிக்ஸ், அகலேகா எல்லாம் அதுல அடக்கம். அங்க டிபெண்டென்சின்னா அண்டி நிக்கிற தீவு. கம்ப்யூட்டர்ல தலைகீழ்: அண்டி நிக்கிறது நாம எழுதுற ஸ்கிரிப்ட், அந்தப் பேர வாங்குறது என்னவோ அது கூப்பிடுற ரெடிமேட் துண்டான மாட்யூல். இங்கிலீஷே குட்டிக்கரணம் போட்டிருக்கு, நாமளும் கூடவே போடணுமா? தொல்காப்பியத்துல முதலெழுத்து 30, சார்பெழுத்து 3. குற்றியலுகரம் இன்னொரு எழுத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் வரும், அதனாலதான் அது சார்பு. அந்தக் கணக்குல மாட்யூல் முதல், ஸ்கிரிப்ட்தான் சார்பு! "359ஆம் குறள்ல சார்புன்னா பற்றுக்கோடுதானம்மா"ன்னாரு ஒரு அண்ணன். சரிதாண்ணே, ஆனா இன்னைக்கு "அப்பா சார்பா கல்யாணத்துக்கு வந்தேன்"னுதானே பேசுறோம். போதாக்குறைக்கு தமிழ்நாட்டு கணக்குப் புத்தகத்துல ஃபங்ஷனுக்கே சார்புன்னு பேரு, அப்போ "சார்பு கிடைக்கவில்லை"ன்னு எரர் வந்தா ஃபங்ஷனத் தேடுறதா, மாட்யூலத் தேடுறதா?

முன்தேவைன்னு சொல்லுங்க. ஏழு கறிக்கு குறிப்பு எழுதினா தேவையான பொருட்கள்னுதானே போடுவோம், சார்புப் பொருட்கள்னா போடுவோம்?

அந்தத் தானியங்கி வேற! அது மெஷினுக்குப் பேரு. "தானே போட்டுக்கும்"னா போதாதா? மொழிபெயர்க்குறவங்களுக்கு அகராதில மொதல்ல கண்ல படுற வார்த்தை போதும். இல்லாத மாட்யூல தானா இறக்குற டூல்ல சிலதும் இப்படித்தான், ஸ்கிரிப்ட்ல மாட்யூல கூப்பிடுற இம்போர்ட் வரில இருக்கிற பேர அப்படியே பிப்கிட்ட (பைத்தானுக்கு மாட்யூல் இறக்கிப் போடுற கருவி) குடுத்துடும். ஆனா ரெண்டு இடத்துலயும் பேரு ஒண்ணா இருக்கணும்னு இல்ல. இம்போர்ட் சிவி2ன்னு இருந்தா பிப்புக்கு ஓபன்சிவி-பைத்தான்னு சொல்லணும், யாமல்னா பையாமல். அதுங்களுக்கு எங்க தெரியும்.

போர்டுல "இல்லாத முன்தேவைகளைத் தானே போட்டுக்கும்"னு எழுதினேன், பையன் மறுபடி கேக்கல. பிப் இன்ஸ்டால் யாமல்னு அவனே அடிச்சான், சிவப்பா எரர் வந்துச்சு. அதுலயும் டிபெண்டென்சின்னு இல்ல, "யாமல்ங்கற ரிக்வையர்மெண்ட்டுக்கு ஏத்த வெர்ஷன் கிடைக்கல"ன்னுதான் இருந்துச்சு.