சூடோயூரிடீன்: இந்தப் ‘போலி’ கள்ளமல்ல

திருகோணமலைச் சந்தையில் “அஞ்சு கிலோ பாரை” என்று கேட்டால் யாரும் திருத்துவதில்லை. ஐந்து அஞ்சானது முற்றுப்போலி: எழுத்து மாறியது, பொருள் மாறவில்லை. ஆர்.என்.ஏ.யில் ‘யூ’ என்ற எழுத்தின் (யூரிடீனின்) இடத்தில் வரும் மாற்றுருவான சூடோயூரிடீனைப் ‘போலியூரிடீன்’ என்று சொல்லும்போது இந்த இலக்கணப் பொருளையே கொள்ளவேண்டும். போலி நாணயம் என்பதுபோல் எடுத்தால் விளக்கம் தலைகீழாகும்.

‘சூடோ’ கிரேக்க மொழியில் ‘பொய்யான’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. யூரிடீன் என்பது யுராசில் என்ற வளைய மூலக்கூறும் இறைபோசு வெல்லமும் சேர்ந்தது; யுராசில் என்ற பெயரோ யூரிக்கமில ஆய்வில் பிறந்தது. 1951இல் கோன், வொல்க்கின் ஆகியோர் கண்டறிந்த போலியூரிடீனை ஆர்.என்.ஏ.யின் ஐந்தாவது நியூக்கிளியோசைட்டு (எழுத்து) என்றும் சொல்வார்கள். நமது கலங்களிலேயே, முக்கியமாகப் புரதத்தைத் தொகுக்கும் இறைபோசோமின் ஆர்.என்.ஏ.யில், இது இயல்பாக உண்டு.

வேறுபாடு ஒரே பிணைப்பில்தான். யூரிடீனில் வெல்லத்தோடு சேர்வது யுராசிலின் 1ஆம் நைதரசன். போலியூரிடீனில் 5ஆம் காபன். வளையம் திரும்பிவிடுவதால் 1ஆம் நைதரசனில் ஓர் ஐதரசன் கூடுதலாக நிற்கும். எதிரெழுத்தான அடினீனோடு சோடி சேரும் பக்கம் கெடுவதில்லை. இறைபோசோம் அதை ‘யூ’ என்றே வாசிக்கும். அந்த ஐதரசனை நீக்கி மெதைல் கூட்டத்தை வைத்தால் என்1-மெதைல்போலியூரிடீன். பைசர், மொடேர்னா கொவிட் தடுப்பூசிகளில் ‘யூ’ வரவேண்டிய இடமெல்லாம் இருப்பது இதுவே.

இந்த மாற்றெழுத்தை வைத்தால் தூது ஆர்.என்.ஏ.யிலிருந்து, அதாவது புரதம் செய்வதற்கான குறிப்பைக் கொண்டுவரும் ஆர்.என்.ஏ.யிலிருந்து, கிடைக்கும் புரதம் கூடுகிறது. ஏன்? வெளியிலிருந்து வரும் மாற்றமில்லாத தூது ஆர்.என்.ஏ.யைக் கலம் வைரசாகவே பார்க்கும். கலத்தினுள்ளே உள்ள சிறு பைகளில் அந்நிய ஆர்.என்.ஏ.யை உணரும் டோல் போன்ற ஏற்பிகள் 7உம் 8உம் எச்சரிக்கை எழுப்பும். பி.கே.ஆர். என்ற நொதியம் புரதத்தொகுப்பைத் தொடக்கும் காரணி ஒன்றில் பொசுபேற்றை ஒட்டிவிடும், தொகுப்பு நின்றுபோகும். போலியெழுத்து இந்தக் காவலைத் தணிக்கிறது. 2005இல் ஆய்வாளர்கள் கரிக்கோவும் வைசுமனும் எச்சரிக்கை அடங்குவதைக் காட்டினர். 2008இல் புரத உற்பத்தி உயர்வதையும் காட்டினர். 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஆய்வுகூடத்தில் டி7 பொலிமரேசு என்ற நொதியம் டி.என்.ஏ. வார்ப்பிலிருந்து தூது ஆர்.என்.ஏ.யைப் படியெடுக்கும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. துண்டுகளும் உண்டாகும். அவற்றை வடித்தகற்றாவிட்டால் பி.கே.ஆர். மறுபடி விழித்துக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் புரதம் குறைந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான்.

இன்னொரு கோளாறு 2023இல் தெரியவந்தது. மெதைல் வடிவம் அடுத்தடுத்து வரும் சில இடங்களில் இறைபோசோம் ஓரெழுத்து முன்னே வழுக்குகிறது. அங்கிருந்து வேறு அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டு வேறொரு புரதம் உருவாகும். வார்ப்பை வரையும்போதே ‘யூயூயூ’ வரும் வழுக்கிடங்களை ‘யூயூசி’ என்று எழுதிவிட்டால் வழுக்கல் குறையும். இரண்டும் பினைல்அலனீனையே குறிக்கின்றன. கடையெழுத்து மாறியும் பொருள் மாறாததால் இதுவும் ஒரு கடைப்போலி.